பூண் கழன்றது ரெண்டு பத்துக்கு

இது நடந்தது. கதை கட்டுறதுக்கு எனக்கு நேரமும் கிடையாது, பழக்கமும் கிடையாது. நம்பாதவங்க எங்க ஊரு கொட்டாரத்துக்கு வாங்க. என் பழைய கடையில வேலைப் பலகை இன்னும் கிடக்கு. அதோட வலது ஓரத்துல, சுண்டுவிரல் நுனி நுழையுற அளவுக்கு ஒரு குழி இருக்கும். தொட்டுப் பாருங்க. அது நான் போட்ட குழி இல்ல.

இன்னொண்ணும் சொல்லிருதேன். பேய் பிசாசு எல்லாம் ராத்திரியிலதான் வரும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. சித்திரை வெயில்ல. பன்னிரண்டு முப்பத்தஞ்சுக்குத் தொடங்கி ரெண்டு பத்துக்கு முடிஞ்சுது.

என் பேரு சுயம்பு. நாங்க அய்யாவழிக்காரங்க. எங்க சாமி அய்யா பேயையெல்லாம் எரிச்சுச் சாம்பலாக்கியாச்சுன்னு கேட்டு வளந்தவங்க. எங்க வீட்டுல பேய்னு வாயத் தொறந்தாலே எங்க அப்பா அடிப்பாரு. அதனால எனக்குச் சின்ன வயசுலயே அந்தப் பயம் கிடையாது. கோவம்தான் உண்டு. ஊர்ல எனக்குக் 'கடுகு'ன்னு பட்டப்பேரு. சூடு பட்டா வெடிப்பேன்.

1953. கொல்லம் வருசம் 1128, சித்திரை மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போ எனக்கு இருபத்தாறு வயசு. ரோட்டோரத்துல ரிப்பேர் கடை வச்சிருந்தேன். பெட்ரோமாக்ஸ், ஸ்டவ், பூட்டு, குடை... எதைக் கொண்டுவந்தாலும் பாப்பேன். முடியாதுன்னு ஒரு சாமானையும் திருப்பிக் குடுத்ததில்ல. அந்தத் திமிரு எனக்கு நிறையவே இருந்துச்சு.

பதினொன்னு நாப்பது இருக்கும். கடையில டைம்பீஸ் ஒண்ணு உண்டு, எப்பவும் சரியா ஓடும். அதனாலதான் நேரத்த இவ்வளவு தெளிவாச் சொல்லுதேன். ஜான்ரோஸ் அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. கிழக்கே ஒரு மைல் தள்ளி, குளத்துக்கரையில அவங்க குடியிருப்பு. கையில பத்தடி நீளத்துல ஒரு தூண்டில் கம்பு வச்சிருந்தாரு.

"மக்கா சுயம்பு, பெரியப்பா போயிட்டாருடே."

"யாரு, பட்லரா? எப்போ?"

"விடியக்காலம். நாலு மணிக்கு அடக்கம். வெயிலைப் பாத்தியா, நாளைக்கு வரைக்கும் வைக்க முடியாது."

யோவான் பட்லரை எனக்கு நல்லாத் தெரியும். மலையில ரப்பர் எஸ்டேட் பங்களாவுல துரைக்குச் சமையல் செய்தவரு. நாப்பத்தேழுல துரை கப்பலேறும்போது, தன்னோட தூண்டிலை இவருக்குக் குடுத்துட்டுப் போனாராம். அந்தத் துரைத் தூண்டிலை வச்சுக்கிட்டு நம்ம ஊர்க் குளத்துல விரால் பிடிப்பாரு. "என்ன பட்லரே, விரால் இங்கிலீசு பேசுதா?"ன்னு கேலி பண்ணுவோம். சிரிச்சுக்கிட்டே இருப்பாரு, ஒரு நாளும் கோவப்பட மாட்டாரு. எட்டு மாசத்துக்கு முன்னால வாதம் வந்து விழுந்துட்டாரு. பேச்சு போச்சு, இடது கை மட்டும்தான் அசையுதுன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாக்கணும்னு நினைச்சேன், போகல.

ஜான்ரோஸ் அண்ணாச்சி கம்பைப் பலகையில வச்சாரு. "நல்லா இருந்த காலத்துலயே மகள்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. இதை அவருகூடப் பெட்டியில வச்சு அடக்கணுமாம். பெட்டி ஆறடி. இது பத்தடி. கழத்தினாத்தான் உள்ள போகும். சவம் பிடிச்ச கம்பு, கழற மாட்டேங்கு! ரம்பம் வச்சு அறுத்துருவோம்னேன். தேவகனி என் கால்ல விழுந்து அழுதா."

தேவகனி பட்லரோட ஒரே மகள். முப்பது வயசு. கல்யாணம் கட்டாம, அப்பனுக்குக் கஞ்சி குடுத்து, துடைச்சு, புரட்டிப் படுக்க வச்சு, அந்த வீட்டுக்குள்ளயே கிடந்தவ. அவ அழுதான்னு கேட்டதும் எனக்கு என்னவோ போல ஆயிட்டு.

"அறுக்க வேண்டாம். கழத்தித் தாரேன்"ன்னேன்.

"மூணு மணிக்குள்ள முடிப்பியா?"

"ரெண்டரைக்கு வாரும், அண்ணாச்சி."

கம்பு மூணு துண்டு. மூங்கிலைக் கீறி, அரக்கு வச்சு ஒட்டி, பட்டுநூல் சுத்தினது. துண்டும் துண்டும் சேருற இடத்துல பித்தளைப் பூண். ஒரு பூண் இன்னொரு பூணுக்குள்ள நுழைஞ்சு உக்காரும். மீன் பிடிச்சு முடிச்சதும் கழத்தி, துடைச்சு, தனித்தனியா வைக்கணும். இது மாசக்கணக்கா மாட்டினபடியே கிடந்திருக்கு. கடல் காத்து பட்டுப் பச்சைக் களிம்பு ஏறி, ரெண்டு பூணும் ஒண்ணோட ஒண்ணாப் பிடிச்சுப் போச்சு.

"படுத்த படுக்கையாக் கிடந்த மனுசனுக்கு இதை எதுக்கு மாட்டி வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"என்னவோ, எந்நேரமும் அவரு கையிலதான் கிடக்கும்"ன்னாரு. அதுக்கு மேல அவருக்கும் தெரியல.

பூண் கழத்துறதுக்கு ஒரு முறை உண்டு. ரெண்டு பேரு எதிரெதிரா நிக்கணும். ஒவ்வொருத்தரும் பூணுக்கு அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை வைக்கணும். மொத்தம் நாலு கை. நேரா இழுக்கணும். திருகவே கூடாது, திருகினா மூங்கில் பிளந்துரும். நானும் ஜான்ரோஸ் அண்ணாச்சியும் அப்படித்தான் இழுத்தோம். பன்னிரண்டு அஞ்சுக்கு, நுனிப் பக்கம் இருந்த மேல் பூண் கழன்றுது. 'ட்டப்'புன்னு ஒரு சத்தம். நல்ல பூண் கழறும்போது அந்தச் சத்தம்தான் வரும். நுனித் துண்டு தனியா வந்துட்டு.

கைப்பிடிப் பக்கம் இருந்த கீழ்ப் பூண் மட்டும் அசையல. மிச்சம் கிடந்தது ஏழடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்பவும் பெட்டிக்குள்ள போகாது.

பன்னிரண்டு பத்துக்கு ஜான்ரோஸ் அண்ணாச்சி பெட்டிக்காரன்கிட்டப் போயிட்டாரு. அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் கதவச் சாத்திட்டுச் சோத்துக்குப் போயாச்சு. ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. நான் பூண் வாயில மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, கம்பைப் பலகையில வாசலைப் பாத்து நீட்டி வச்சேன். எண்ணெய் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். ஒரு குடைக் கம்பியை எடுத்து நிமித்திக்கிட்டு இருந்தேன்.

பன்னிரண்டு முப்பத்தஞ்சு.

டொக்.

ஒரே ஒரு தட்டு. எலின்னு நினைச்சேன். "சூ!"ன்னு அதட்டிட்டு வேலையைப் பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கம்பைத் திரும்பிப் பாத்தேன். வாசலைப் பாத்து வச்ச கம்பு, மூலையில இருந்த தண்ணிப் பானையைப் பாத்துக் கிடந்துச்சு.

நான்தான் இடிச்சிருப்பேன்னு நினைச்சேன். திருப்பி வாசலைப் பாத்து வச்சேன்.

ஒரு மணிக்குச் சுடுதண்ணி வச்சேன். வெளிப் பூண்ல சூட்டுத் துணியைச் சுத்தினா பித்தளை கொஞ்சம் விரியும், பிடி தளரும். அதிகம் சூடு காட்டினா உள்ள இருக்க அரக்கு இளகிரும். அதனால பைய, கவனமாச் சுத்தினேன். மூணு தடவை சுத்தினேன். பூண் சூடாகவே இல்ல. பானை மாதிரி சில்லுன்னு இருந்துச்சு.

ஆனா கைப்பிடி சூடா இருந்துச்சு.

கைப்பிடியில தக்கை சுத்தியிருக்கும். நான் அதுல துணியே வைக்கல. தொட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கு. ஈரம் வேற. இப்பத்தான் யாரோ வேர்த்த கையால ரொம்ப நேரம் பிடிச்சுட்டு வச்ச மாதிரி... வெயிலோட வேலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கம்பு கிடந்தது நிழல்ல.

மறுபடி மண்ணெண்ணெய் விட்டேன். ரெண்டு பூணும் சேருற இடத்துல, மேல்பக்கமா ஒரு பென்சில் கோடு போட்டேன். கொஞ்சம் நகர்ந்தாலும் தெரியும்ல. பிறகு கை கழுவப் பின்னால போனேன்.

ஒண்ணு பதினஞ்சு.

டொக்... டொக்.

ரெண்டு தட்டு. இப்போ தெளிவாக் கேட்டுச்சு. மரத்துல பித்தளை படுற சத்தம். கைப்பிடிக்கு அடியில ஒரு பித்தளை மூடி இருக்கும், அதுதான் பலகையில தட்டுது. ஓடி வந்து பாத்தேன். கம்பு கிடந்த இடத்துலயேதான் கிடந்துச்சு.

பென்சில் கோட்டைக் காணல.

கம்பைப் புரட்டினேன். கோடு அடிப்பக்கம் இருந்துச்சு. கம்பு புரண்டு படுத்திருக்கு. பலகை சமமான பலகை. ஜன்னல் கிடையாது, காத்து கிடையாது.

எனக்குப் பயம் வரல. சத்தியமா வரல. கோவம்தான் வந்துச்சு. "சும்மா கிட சவமே!"ன்னு அதட்டினேன். கம்புகிட்டதான்.

ஒரு ஆளா நின்னு பூண் கழத்துறதுக்கும் ஒரு வழி உண்டு. முக்காலியில உக்காந்து, கம்பை ரெண்டு முழங்காலுக்கும் பின்னால குறுக்க வைக்கணும். பூணுக்கு ரெண்டு பக்கமும் கையால இறுக்கிப் பிடிக்கணும். பிறகு முழங்காலை மெல்ல விரிச்சா, அது ரெண்டு கையையும் வெளியே தள்ளும். பூண் தானா கழறும். நான் அப்படி உக்காந்து விரிச்சேன்.

ஒரு நூல் அளவு வந்துச்சு.

அப்பாடான்னு மூச்சு விட்டேன். அந்த ஒரு மூச்சு நேரம்தான். வந்த பூண் திரும்ப உள்ள போயிட்டு. தானாப் போகல... இழுத்துக்கிட்டுப் போச்சு. கைப்பிடிப் பக்கம் இருந்து.

தூண்டில்ல மீன் மாட்டினா ஒரு இழுப்பு வரும், தெரியுமா? இது அப்படி இல்ல. மீன் இழுப்பு வெட்டி வெட்டி வரும். இது ஒரே பிடியா, விடாம வந்துச்சு. மனுசன் பிடிக்கிற பிடி.

ஒண்ணு நாப்பது.

டொக். டொக். டொக்.

இந்தத் தடவை கம்பு என் மடியில இருந்துச்சு. கைப்பிடி நுனி பலகை ஓரத்துல தானாப் போய் முட்டுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். மூணு தட்டு. நிறுத்துது. மறுபடி...

டொக். டொக். டொக்.

கம்பைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சேன். ரோட்டுக்கு ஓடிருவோமான்னு தோணிச்சு. வாசல் வரைக்கும் போனேன். அப்போ தேவகனி ஞாபகம் வந்துச்சு. கழத்தலேன்னா ஜான்ரோஸ் ரம்பம் போட்டுருவாரு. அவ சத்தியம் பொய்யாப் போகும். அதோட என் திமிரும் சும்மா இருக்கல. எடுத்த வேலையை முடிக்காமக் குடுத்ததில்லையே.

அப்பவே அந்தக் கம்பை அப்படியே தூக்கிக்கிட்டுக் குளத்துக்கரைக்குப் போயிருக்கணும். ஒரு மைல்தான்.

போகல.

திரும்ப வந்தேன். தட்டு நிக்கவே இல்ல. இப்போ தரையில தட்டல. கம்பு எப்படி மேல வந்துச்சுன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. பலகையில கிடந்துச்சு. அதே வலது ஓரம். அதே இடம்.

டொக். டொக். டொக்.

"அய்யா உண்டு... அய்யா உண்டு..." வாய்ல அது மட்டும்தான் வந்துச்சு.

ரெண்டு மணி.

டொக். டொக். டொக்.

கம்பை எடுத்தேன். முக்காலியில உக்காந்தேன். முழங்காலுக்குப் பின்னால வச்சேன்.

என் வலது கை பூணுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. கைப்பிடிப் பக்கம். விரலுக்கு அடியில தக்கை சூடா இருந்துச்சு.

அது துடிச்சுது.

இழுத்தேன்.

அதுவும் இழுத்துச்சு.

முழங்கால் நடுங்குது. வேர்வை கண்ணுல இறங்குது. பூண் ஒரு நூல் வருது, ஒரு நூல் போகுது. ரெண்டு நூல் வருது...

"விடு!"ன்னு கத்தினேன். "விடு சவமே, விடு!"

விட்டுட்டு.

'ட்டப்'புன்னு சத்தம் வரல.

'ஹா...'ன்னு ஒரு மூச்சு வந்துச்சு. நீளமா. அவ்வளவுதான்.

டைம்பீஸைப் பாத்தேன். ரெண்டு பத்து.

தக்கையைத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு.

அதுக்குப் பிறகு ஒரு தட்டும் இல்ல. ரெண்டரைக்கு ஜான்ரோஸ் அண்ணாச்சி வந்தாரு. "முடிச்சியா? கெட்டிக்காரன்டே நீ"ன்னு முதுகுல தட்டினாரு. மூணு துண்டையும் துணியில சுத்திக் குடுத்தேன். நாலு மணி அடக்கத்துக்கு நானும் போனேன். பட்லருக்கு இடது பக்கமா தூண்டில் துண்டுகள் இருந்துச்சு. ஆணி அடிச்சாங்க. இறக்கினாங்க. நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன். தேவகனி என்னைப் பாத்து ரெண்டு கையையும் கூப்பினா.

எட்டு நாள் கழிச்சு அவளே கடைக்கு வந்தா. வீட்டுத் தோட்டத்துல காச்ச ஒரு சீப்பு கதலிப்பழம் கொண்டுவந்தா.

"அண்ணே, அப்பா ஆசைய நிறைவேத்தித் தந்தீங்க. கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்."

எனக்குக் கேக்காம இருக்க முடியல. "தங்கச்சி, அந்தக் கம்பு ஏன் அத்தனை மாசமாக் கழத்தாமக் கிடந்துச்சு?"

"அதுதான் அண்ணே அப்பாவுக்கு வாய்"ன்னா. "வாதம் விழுந்த அன்னைக்குக் குளத்துக்குப் போறதுக்காக மாட்டினது. பிறகு அதைக் கைய விட்டு வாங்கவே முடியல. கட்டில்ல கிடந்துக்கிட்டே கைப்பிடியால சுவத்துல தட்டுவாரு. அடுக்களையில நின்னாலும் எனக்குக் கேக்கும். ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டு தட்டுன்னா புரட்டிப் படுக்க வைக்கணும். எட்டு மாசத்துல சுவரே குழி விழுந்து போச்சு."

"மூணு தட்டுன்னா?"

அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "மூணு தட்டு உண்டுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"சும்மா... கேட்டேன்."

"மூணுன்னா பயமா இருக்குன்னு அர்த்தம் அண்ணே. கிட்ட வான்னு. போய்க் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். பிடிச்சா விடவே மாட்டாரு." கண்ணைத் துடைச்சா. "எத்தனை தட்டுக்கும் நான் ஒரு நாளும் போகாம இருந்ததில்ல. அன்னைக்கு விடியக்காலம் தட்டே கேக்கல. போய்ப் பாத்தா கம்பு கையவிட்டு உருண்டு, கட்டிலுக்கு அடியில கிடக்கு. கூப்பிட்டேன், கண்ணு தொறக்கல. மூச்சும் தெரியல. ஜான்ரோஸ் அண்ணன் வந்து பாத்துட்டு, முடிஞ்சு போச்சுன்னாரு."

"டாக்டரு பாத்தாரா?"

"நாகர்கோயில்ல இருந்து வரணும். இனி எதுக்குன்னு ஜான்ரோஸ் அண்ணன் சொல்லிட்டாரு."

பழத்தைப் பலகையில வச்சா. பிறகு சொன்னா. "ஒண்ணு மட்டும் மனசுல கிடந்து அரிக்குது. மத்தியானம் வரைக்கும் அப்பாவுக்கு உடம்பு சூடாவே இருந்துச்சு. இடது உள்ளங்கை வேர்த்துச்சு. துடைக்கத் துடைக்க வேர்த்துச்சு. ஜெபம் பண்ண வந்த உபதேசியார்கிட்டச் சொன்னேன். சித்திரை வெயிலு மக்கான்னாரு. பிறகு திடீர்னு சில்லுன்னு ஆயிட்டு. மூடியிருந்த விரலு அஞ்சும் தானா விரிஞ்சுது."

"அது... எப்போ?"

"பெட்டி வந்து இறங்கின நேரம். வாசல்ல யாரோ மணி கேட்டாங்க. ரெண்டு பத்துன்னு ஜான்ரோஸ் அண்ணன் சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஏன் அண்ணே, உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. வெயிலு"ன்னேன்.

அவகிட்டக் கடைசி வரைக்கும் சொல்லல. சொன்னா அவ உயிரோட இருந்திருக்க மாட்டா. போன கார்த்திகையில தேவகனி காலமாகிட்டா. அதனாலதான் இப்போ வாயத் தொறக்குதேன். அந்தப் பலகையை விக்கவும் மனசு வரல, எரிக்கவும் மனசு வரல.

இதுக்கு என்ன அர்த்தம்னு என்னைக் கேக்காதீங்க. அய்யா பேயையெல்லாம் எரிச்சது மெய்தான், இப்பவும் நம்புதேன். அன்னைக்கு என் கடையில இருந்தது பேய் இல்ல. பேயாகணும்னா முதல்ல சாகணும்ல? அந்த மனுசன் அப்போ செத்திருக்கல. தண்ணி கேட்டாரு. புரட்டிப் போடச் சொன்னாரு. பிறகு அரை மணி நேரமா, பயமா இருக்கு, கிட்ட வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் விடுன்னு சொன்னேன்.

விட்டுட்டாரு.